ஒற்றனும் திருடனும் காதலிச்சா வாசகர் எப்ப நம்புவாங்க?

கேள்விய ஒரு தடவ நானே சொல்லிப் பாத்துக்குறேன். சனிக் கோளைச் சுத்துற ஒரு விண்வெளி நிலையத்துல நடக்குற நாவல் எழுதிட்டு இருக்கீங்க, ஒருத்தன் உளவாளி, இன்னொருத்தன் திருடன், ரெண்டு பேரும் ஆண்கள், ரகசியச் செய்திகளப் பூட்டித் திறக்குற ஒரே குறியீட்டுச் சாவிக்காக வந்து மோதி அப்புறம் காதல்ல விழுறாங்க. படிச்சுப் பாத்த நண்பர்கள் "கதை விறுவிறுன்னு போகுது, காதல் மட்டும் ஒட்டல"ன்னு சொல்லிட்டாங்க, உளவாளி ராத்திரி முழுக்க முழிச்சிருந்து திருடனோட காய்ச்சலப் பாத்துக்குற சீன் வச்சும் எடுபடலங்குறீங்க. அதனால எதிர்காலத்துலயும் தன்பாலீர்ப்பு மேல வெறுப்பு இருக்குற மாதிரி வச்சா கதைக்கு கனம் கூடுமா, அறிவியல் எவ்வளவு வேணும், கடைசில ஒருத்தன் சாகணுமான்னு மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா நிஜமான கேள்வி இது மூணும் இல்ல. பொய் சொல்றதையே தொழிலா வச்சிருக்குற ரெண்டு பேர் "உன்னப் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னா வாசகர் அத எத வச்சு நம்புறது, அதுதான் கேள்வி. அது தெளிவாச்சுன்னா மத்த மூணும் பாதி தீந்துரும்.

நான் படிச்சது இயற்பியல், பல வருஷமா பாக்குற வேலை கதை எடிட்டிங், அதுலயும் சயின்ஸ் ஃபிக்ஷனும் ரொமான்ஸும் கலந்து வர்ற கதைகள்தான் என் மேசைக்கு அதிகமா வரும். நானும் கே தான், அதாவது ஆண்களக் காதலிக்கிற ஆண், அதனால இந்த மாதிரி கதைகள வேலைக்கு முன்னாடியே வாசகனா தேடித்தேடிப் படிச்ச ஆளு. உளவுத்துறைப் பக்கம் போனதே இல்ல. அதப் பத்தி எனக்குத் தெரிஞ்சது எல்லாம் கோர்ட்டுக்கு வந்த வழக்குகள், வரலாற்று ஆசிரியர்கள் தோண்டி எடுத்தது, ரிட்டையர் ஆனவங்க எழுதுன நினைவுக் குறிப்புகள், அவ்வளவுதான், அந்தக் கடைசி வகையில தற்பெருமை நிறைய இருக்கும், அதக் கழிச்சுட்டுதான் படிக்கணும்.

முதல்ல அந்தக் காய்ச்சல் சீன் ஏன் எடுபடலன்னு பாப்போம். கிழக்கு ஜெர்மனியோட வெளிநாட்டு உளவுப் பிரிவ 1950கள்ல இருந்து 1986 வரைக்கும் நடத்துனவர் மார்க்குஸ் வோல்ஃப். மேற்கு ஜெர்மனியோட அரசு அலுவலகங்கள்ல செக்ரட்டரியா இருந்த பெண்கள்கிட்ட ஆண் உளவாளிகள அனுப்பி வைக்கிறதுல அவரோட பிரிவு பேர் போனது, "ரோமியோ"ன்னே அவங்களுக்குப் பேரு. சினிமால காட்டுற மாதிரி ஒரு ராத்திரி ஹோட்டல் சமாச்சாரம் இல்ல இது. வருஷக்கணக்கா கூடவே இருந்து, சில பேர் நிச்சயதார்த்தம் கல்யாணம்னு வரைக்கும் போயிருக்காங்க. அந்தப் பெண்கள்ல பல பேர் பின்னாடி மாட்டி தண்டனை வாங்குனாங்க, இது கோர்ட் பதிவுல இருக்கு, சந்தேகமே இல்ல. அந்த ஆண்கள்ல யாருக்காவது நிஜமாவே பாசம் வந்துச்சாங்குறதுதான் சந்தேகத்துக்குரியது, ஏன்னா அவங்க எழுதி வச்சது எல்லாம் மேலதிகாரிக்கு அனுப்புன ரிப்போர்ட், அதுல யாரும் மனசத் திறந்து எழுதப் போறதில்ல. இப்ப யோசிச்சுப் பாருங்க, பொறுமையா காது குடுத்து கேக்குறது, சின்ன விஷயத்தக்கூட ஞாபகம் வச்சுக்குறது, உடம்பு சரியில்லாதப்ப பக்கத்துலயே இருக்குறது, இதெல்லாம் அங்க ஒரு உளவு ஆபரேஷனோட அன்றாட வேலை. உங்க உளவாளி காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டுவிட்டா, வாசகர் மனசுக்குள்ள ஒரு மூலைல "இவன் சாவி எங்கன்னு கறக்கத்தான் இத பண்றான்"னு ஒரு குரல் கேட்டுட்டே இருக்கும். அவங்க சந்தேகப்படுறது தப்பில்ல, நீங்கதான் முதல் நாலு அத்தியாயத்துல அவனை அப்படி சந்தேகப்படச் சொல்லிக் குடுத்திருக்கீங்க.

அதனால நான் என் எழுத்தாளர்களுக்கு ஒரு டெஸ்ட் சொல்லுவேன். இந்த சீன் அப்படியே ஒரு ரிப்போர்ட்டா ஹேண்ட்லர், அதாவது உளவாளிய இயக்குற மேலதிகாரியோட மேசைக்குப் போகுதுன்னு வைங்க, அவர் படிச்சுட்டு "நல்ல வேலை, இப்படியே போ"ன்னு சொல்லுவாரா? சொல்லுவார்னா அது இன்னும் காதல் சீன் ஆகல. அவர் படிச்சா நாற்காலிய விட்டு எந்திரிச்சு "இவனுக்கு என்ன ஆச்சு"ன்னு கேக்குற மாதிரி ஒண்ணு நடக்கணும். அதுவும் பெரிய தியாகமா இருக்கணும்னு இல்ல, குண்டுக்கு குறுக்க விழ வேண்டாம். தன்னோட பொய்ப்பேருக்கு எழுதிக் குடுத்த வாழ்க்கைக் கதைல இல்லாத ஒரு உண்மைய, சரிபாத்துக்கக்கூடிய ஒரு உண்மைய, எந்த லாபமும் இல்லாத நேரத்துல வாய்தவறாம வேணும்னே சொல்றது போதும். உதாரணத்துக்கு அவன் தங்கச்சி எந்த நிலையத்துல வேலை பாக்குறாங்குறது. திருடன் நினைச்சா அத வித்துப் பணம் பண்ணலாம். விக்காம இருக்கானா இல்லையான்னு அடுத்த நாலு அத்தியாயம் ஓடும், பாருங்க, இப்பதான் காதலுக்கும் விறுவிறுப்புக்கும் ஒரே எஞ்சின்.

திருடன் பக்கம் இதோட மறுபாதி. உளவாளி பொய் சொல்லி இன்னொரு ஆளா இருக்கான், திருடனோ அங்க ஆளே இல்லாத மாதிரி இருக்கான், அவனோட மொத்தத் திறமையும் தடயம் விடாததுலதான். 2003 பிப்ரவரில பெல்ஜியத்துல ஆண்ட்வெர்ப் வைர மையத்தோட பாதாள லாக்கர் அறைய ஒரு இத்தாலியக் கும்பல் காலி பண்ணுச்சு. அவங்கள்ல லியோனார்டோ நோட்டார்பார்டோலோங்குறவர் அதே கட்டடத்துல ஆபீஸ் வாடகைக்கு எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல வைர வியாபாரியா நடமாடுனவர், அதாவது திருடனாகுறதுக்கு முன்னாடி உளவாளி வேலைதான் பாத்திருக்கார். உடம்புச் சூட்டையும் அசைவையும் பிடிக்கிற சென்சார் மேல ஹேர் ஸ்ப்ரே அடிச்சு குருடாக்குனது, கதவுல இருந்த காந்தத் தகடுகள கழட்டுனது, இப்படி எல்லாத்தையும் தாண்டிட்டாங்க. மாட்டுனது எதுலன்னா, ரோட்டோரக் காட்டுல வீசிட்டுப் போன குப்பைல. யாரோ குப்ப போட்டிருக்காங்கன்னு அந்த நிலத்துக்காரர் போலீஸுக்குப் போன் பண்ண, அதுக்குள்ள பாதி தின்ன சாண்ட்விச், அதுல டிஎன்ஏ. நூத்துக்கும் மேல லாக்கர் திறந்தது உறுதி, பெரும்பாலான வைரம் திரும்பக் கிடைக்கலங்குறதும் உறுதி. எவ்வளவு மதிப்புங்குறதும், ஒரு வைர வியாபாரிதான் இன்சூரன்ஸ் பணத்துக்காக எங்கள ஏவிவிட்டார்னு அவர் பின்னாடி சொன்ன கதையும் நம்பலாமாங்குறது வேற விஷயம், அவர் சொல்றத தவிர அதுக்கு ஆதாரம் வெளில வரல. உங்களுக்கு இதுல வேண்டியது என்னன்னா, திருடனுக்கு தடயம்தான் உயிர்பயம், அப்ப அவன் காதலச் சொல்ற விதமும் தடயம் விடுறதாத்தான் இருக்கணும். தன் சொந்த டம்ளர உளவாளியோட ரூம்ல கழுவாம வச்சுட்டுப் போறான்னு வைங்க, எச்சில் பட்ட டம்ளர், தெரிஞ்சே. "ஐ லவ் யூ"வ விட பத்து மடங்கு சத்தமா கேக்கும் அது, ஒரு வார்த்தை வசனம் தேவையில்ல.

உங்க கதைல இன்னொரு பெரிய புதையல் இருக்கு, நீங்க அத கவனிச்ச மாதிரி தெரியல. ரெண்டு பேரும் ஒரே சாவிக்குத்தான் வந்திருக்காங்க, ஆனா ஒருத்தன் ஜெயிச்சா இன்னொருத்தன் தோத்தே ஆகணும், அது ஏன்னா சாவி ஒண்ணுதான் இருக்குங்குறதால மட்டும் இல்ல. உளவாளிக்கு சாவியோட நகல் வேணும், எடுத்தது யாருக்கும் தெரியவே கூடாது, தெரிஞ்ச மறு நிமிஷம் எதிராளி சாவிய மாத்திருவான், அப்புறம் கைல இருக்குறது வெத்துக் குப்ப. திருடனுக்கு அந்தக் கவலையே கிடையாது, காலைல லாக்கர் காலியா இருக்குறது எல்லாருக்கும் தெரியட்டும், அதுக்குள்ள அவன் அடுத்த கப்பல்ல ஏறியிருக்கணும், அவ்வளவுதான். ஒருத்தனோட வெற்றிக்கு அமைதி வேணும், இன்னொருத்தனோட வெற்றி முடிஞ்சதும் சத்தம்தான். இந்த முரண்பாட்ட முதல் சந்திப்புலயே வச்சீங்கன்னா ரெண்டு பேரும் சண்டை போட வில்லனே தேவைப்படாது. இது சும்மா தத்துவம் இல்ல. ஒரு தடவ மட்டும் பயன்படுத்துற ரகசியக் குறியீட்டு அட்டைகள ரெண்டாம் உலகப் போர் சமயத்துல சோவியத் தரப்பு அவசரத்துல ஒரே பக்கத்த ரெண்டு தடவ அச்சடிச்சு அனுப்பிருச்சு, அந்த ஓட்டை வழியாத்தான் அமெரிக்கர்கள் வெனோனாங்குற திட்டத்துல அந்தச் செய்திகள்ல ஒரு பகுதிய உடைச்சாங்க, பல வருஷம் வெளில மூச்சு விடாம. சத்தம் வந்தா எதிராளி குறியீட்ட மாத்திருவானேங்குற பயம்தான் அந்த அமைதிக்குக் காரணம்.

இங்கதான் உங்க அறிவியல் கேள்வியும் வருது. எதிர்காலம்னு சொல்லிட்டு சாவிய ஒரு பென் டிரைவ் மாதிரி எழுதியிருக்கீங்க, அத நகல் எடுத்தா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு ஜாலியா போயிரலாம், கதையே இல்ல. குவாண்டம் சாவியா மாத்துங்க, அதாவது ஒளித்துகள் மாதிரி நுண்துகளோட நிலைல ரகசியத்த வச்சிருக்குற சாவி. தெரியாத ஒரு குவாண்டம் நிலைய அச்சு அசலா நகல் எடுக்க முடியாதுன்னு 1982லயே கணக்குப் போட்டு நிரூபிச்சுட்டாங்க, இடைல யாராவது எட்டிப் பாத்தா அதுவே கலைஞ்சு காட்டிக் குடுத்துரும், இத வச்சு சாவி பரிமாறுற முறை 1984லயே வந்துருச்சு, 2016ல சீனா விண்ணுக்கு அனுப்புன மிசியஸ் செயற்கைக்கோள் அத வானத்துல இருந்தே செஞ்சு காட்டுச்சு. இன்னைக்கு அந்த நிலைய ரொம்ப நேரம் சேமிச்சு வைக்கிறது படா கஷ்டம், அது உங்க கற்பனைக்கு விட்ட இடம், தாராளமா எடுத்துக்கங்க. இப்ப பாருங்க, நகல் எடுக்க வந்த உளவாளிக்கு நகலே எடுக்க முடியாது, எடுத்தா அசலத்தான் எடுக்கணும், அதாவது அவனுக்கு ஒரு திருடன் வேணும். ஒரு இயற்பியல் விதி ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல அடைச்சிருச்சு. சயின்ஸ் ஃபிக்ஷன் ரொமான்ஸ்ல அறிவியல் எவ்வளவு வேணும்னு கேட்டா, காதலுக்கு விலை போடுற அளவுக்கு வேணும், மிச்சம் எல்லாம் சீன் செட்டிங்.

விலை போடுறதுன்னா எப்படின்னு காத்த வச்சே சொல்றேன். மூடுன நிலையத்துல ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் எடுத்துட்டு ஒரு கிலோ அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு விடுவான், சும்மா உக்காந்திருந்தாலே 100 வாட் பல்பு அளவுக்கு சூடும் விடுவான். காத்த அளக்குற கருவி நிலையம் முழுக்க இருக்கும், ஏன்னா கார்பன் டை ஆக்சைடு ஏறுனா தலைவலி, மந்தம்னு எல்லாரும் படுத்துருவாங்க. அப்ப திருடன் உளவாளியோட கேபின்ல ஒளிஞ்சா கதவு, கேமரா எல்லாத்தையும் ஏமாத்திரலாம், மூச்ச ஏமாத்த முடியாது. காலைல டாக்டர் அம்மா கேக்குறாங்க: "ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க கேபின்ல அளவு இவ்வளவு ஏறியிருக்கே?" "தூக்கம் வரல மேடம், எந்திரிச்சு எக்சர்சைஸ் பண்ணிட்டு இருந்தேன்." "நாலு நாளாவா?" "நாலு நாளாத்தான்." அந்த அம்மா ஒண்ணும் பேசாம ஃபைல்ல ஏதோ தட்டுறாங்க. தூக்கமின்மை, மனஅழுத்தம், களப்பணிக்கு மறுபரிசீலனை. உளவாளி அத தலைகீழா படிச்சுட்டான், தன் வேலைக்கு தானே சூனியம் வச்சுக்கிட்டது அவனுக்குத் தெரியும், ஆனாலும் அன்னைக்கு ராத்திரியும் கேபின் கதவ திருடனுக்குத் திறந்து விடுறான். காய்ச்சல் சீனுக்குப் பதிலா இத வச்சுப் பாருங்க. ஹேண்ட்லர் இத படிச்சா கண்டிப்பா எந்திரிப்பார்.

எந்திரிச்சும் அவரால உடனே ஒண்ணும் பண்ண முடியாதுங்குறதுதான் சனிக் கோளோட அருமை. பூமில இருந்து சனிக்கு ஒளி போய்ச்சேரவே கோள்கள் இருக்குற இடத்தப் பொறுத்து ஏறத்தாழ 70ல இருந்து 90 நிமிஷம் ஆகும், ஒரு கேள்வி கேட்டு பதில் வாங்க ரெண்டரை மூணு மணி நேரம். உங்க கதைல பாஸ் லைவ்ல வந்து காதுல உத்தரவு போடுறார், அத எடுத்துருங்க, அது இருந்தா உளவாளி வெறும் பொம்மை. பதில் வந்து சேர்ற வரைக்கும் அவன் எடுக்குற முடிவுக்கு அவன் மட்டும்தான் பொறுப்பு, அந்த நேரத்துல அவன் திருடன்கிட்ட எப்படி நடந்துக்குறாங்குறதுதான் அவன். தூரத்துல இருக்குற ரெண்டு துகள்கள ஒண்ணோட ஒண்ணு கோத்து வைக்கிற குவாண்டம் பின்னல வச்சு உடனடியா பேசலாம்னு யாராவது ஐடியா குடுத்தா எடுத்துக்காதீங்க, அதுல தகவல ஒளிய விட வேகமா அனுப்ப முடியாது, இது இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச இயற்பியல்ல உறுதியான விஷயம். அதே மாதிரி எஞ்சின் எரிஞ்சுட்டு இருக்குற கப்பல விண்வெளில ஒளிச்சு வைக்கிறதும் நடக்காது, பின்னணி 2.7 கெல்வின், அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் குளிர், அதுல சூடான எதுவும் பளிச்சுன்னு தெரியும். தப்பிச்சுப் போறதா இருந்தா கூட்டத்தோட கூட்டமா சரக்குக் கப்பல்ல போகட்டும். பொய்யக் கண்டுபிடிக்கிற மெஷின் வச்சிருக்கீங்க, அது எதிர்கால மெஷின்னு சொல்லிட்டு தப்பிச்சுக்கலாம், ஆனா இன்னைக்கு இருக்குற பாலிகிராஃப சோவியத்துக்கு வேலை பாத்துட்டே ரெண்டு தடவ பாஸ் பண்ணுன சிஐஏ ஆளு ஆல்ட்ரிச் எய்ம்ஸ், 1994லதான் மாட்டுனார். மெஷின் தோக்குற கதைதான் எப்பவும் சுவாரசியம்.

இப்ப வெறுப்பு விஷயம். இதுல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா கனம் வேணும்னு உப்பு மாதிரி அள்ளித் தூவுற பொருள் இல்ல அது. கே ஆட்கள் உளவு உலகத்துல பலவீனமானவங்க, மிரட்டுனா விழுந்துருவாங்கன்னு ரொம்ப காலமா ஒரு நம்பிக்கை இருந்துச்சு. அதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் ஆல்ஃபிரட் ரெடில், ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்துல எதிர் உளவுப் பிரிவுல பெரிய பொறுப்புல இருந்தவர். ரஷ்யாவுக்கு ரகசியம் வித்ததும், 1913 மே மாசம் வியன்னாவுல மாட்டிக்கிட்டு சுட்டுக்கிட்டதும் உறுதி. ஆனா அவரை மிரட்டித்தான் வளைச்சாங்களாங்குறது சந்தேகம், அவர் வாங்குன பணமும் வாழ்ந்த ஆடம்பரமும் பாத்தா பணம்தான் காரணம்னு நினைக்கிற வரலாற்று ஆசிரியர்கள் உண்டு. மிரட்டல் நிஜமா நடந்த வழக்கு ஜான் வாசல், மாஸ்கோல பிரிட்டிஷ் தூதரகத்துல கிளார்க்கா இருந்தவர், 1954ல விருந்துக்குக் கூப்புட்டு குடிக்க வச்சு படம் எடுத்து மடக்குனாங்க, 1962ல கைதாகி 18 வருஷம் தண்டனை. அதுலயும் அவர் பின்னாடி பணமும் வாங்குனார்ங்குறது இருக்கு, அதனால "மிரட்டல் மட்டும்தான்"னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ண கவனிங்க, அந்தப் படங்களுக்கு பலம் எங்கிருந்து வந்துச்சு? அவரோட சொந்த நாட்டுல அது ஜெயிலுக்குப் போற குற்றமா இருந்துச்சு, இங்கிலாந்துல 1967லதான் ஓரளவுக்கு எடுத்தாங்க. 1885ல வந்த அந்தச் சட்டத்துக்கே "பிளாக்மெயில் காரங்களோட சாசனம்"னு பட்டப்பேர். அமெரிக்காவுல 1953 ஏப்ரல்ல அதிபர் ஐசனோவர் போட்ட 10450ங்குற உத்தரவு "பாலியல் வக்கிரம்"னு ஒரு வார்த்தைய வச்சு அரசு வேலைல இருந்து ஆட்கள துரத்த வழி பண்ணுச்சு, ஃபிராங்க் கேமனிங்குற வானியல் ஆளு ராணுவ வரைபடத் துறைல இருந்து 1957ல துரத்தப்பட்டார், விண்வெளிப் பந்தயம் தொடங்குன அதே வருஷம். நாட்டுக்கு ஒரு வானியல் வல்லுநர் நட்டம், அவருக்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2009ல.

உங்க கதைக்கு எல்லாத்தையும் விட நெருக்கமானது ஆலன் டூரிங்கோட வழக்கு. எல்லாரும் அந்த பிரிட்டிஷ் கணித மேதை ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனியோட எனிக்மாங்குற ரகசியக் குறியீட்ட உடைச்சதையும் கடைசில நடந்த கொடுமையையும் சொல்லுவாங்க, நடுவுல ஒரு திருட்டு இருக்குறத விட்டுருவாங்க. 1952 ஜனவரில அவர் வீட்டுல யாரோ புகுந்து சில சாமான்கள தூக்கிட்டுப் போயிட்டாங்க, பெருசா விலை போற பொருளும் இல்ல. அப்ப அவர் பழகிட்டு இருந்த பையன், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனாத்தான் இருக்கும்னு சொல்றான். டூரிங் போலீஸுக்குப் போறார், யார்னு எப்படித் தெரியும்னு அவங்க கேட்டதும் சமாளிக்கப் பாக்குறார், திரும்பக் கேட்டதும் உறவையே ஒத்துக்குறார். திருட்டுக் கொடுத்தவர் குற்றவாளி ஆயிட்டார். ஜெயிலுக்குப் பதிலா ஹார்மோன் ஊசி, ரகசிய வேலைக்கான அனுமதி ரத்து, 1954ல மரணம், 2013ல அரச மன்னிப்பு. அந்த இறப்பு தற்கொலைன்னு அன்னைக்கு விசாரணைல முடிவாச்சு, விபத்தா இருக்கலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. இதுல கதை எழுதுறவங்களுக்கு இருக்குற பாடம், காதல் குற்றமா இருக்குற ஊர்ல திருடனுக்கு ஒரு கவசம் இருக்கு, ஏன்னா பறிகொடுத்தவன் புகார் குடுக்க முடியாது. வெறுப்ப வைக்கிறதா இருந்தா இந்த அளவுக்கு எந்திரம் மாதிரி வேலை செய்யணும்: என்ன சட்டம், யார் லாபம் பாக்குறாங்க, யார் வாய மூடிக்கிட்டுப் போறாங்க. அதெல்லாம் இல்லாம ரெண்டு அடியாட்கள் கெட்ட வார்த்தை சொல்லிட்டுப் போறது கனம் இல்ல, வாசகர்ல என்னை மாதிரி ஆட்களுக்கு வெறும் எரிச்சல்.

என் விருப்பம் என்னன்னா வெறுப்ப மொத்தமா எடுத்துருங்க. ஆனா எடுத்தா ஒழுங்கா எடுக்கணும், உங்க 11வது அத்தியாயத்துல "உங்க ரெண்டு பேர் படமும் எங்கிட்ட இருக்கு"ன்னு வில்லன் மிரட்டுறானே, அதுவும் போயிரணும், ஏன்னா யாருக்கும் கவலையே இல்லாத சமுதாயத்துல அந்தப் படம் கல்யாண ஆல்பத்துல ஒட்டத்தான் ஆகும். அதே படத்த வேற மாதிரி காட்டலாம். பிரச்சனை ரெண்டு ஆண்கள்ங்குறது இல்ல, படத்துல இருக்குற ஒருத்தன் கண்காணிக்க வேண்டிய ஆளு, அவன் கழுத்துல சாஞ்சு இன்னொருத்தன் நிம்மதியா தூங்குறான், ஒரு உளவாளி யார் பக்கத்துலயும் தூங்கக் கூடாது. மிரட்டல் அப்படியே இருக்கும், அதோட வேர் மட்டும் மாறிரும், வாசகரும் அவங்க காதல ஒரு களங்கமா பாக்காம ஒரு விதிமீறலா பாப்பாங்க.

சாவு வேண்டாம். வாசகனா கெஞ்சிக் கேக்குறேன், எடிட்டராவும் சொல்றேன். 1934ல இருந்து 1968 வரைக்கும் ஹாலிவுட்ட கட்டுப்படுத்துன ஹேஸ் விதிகள்ல தன்பாலீர்ப்ப காட்டவே கூடாதுன்னு பல வருஷம் இருந்துச்சு, 1950கள்ல அமெரிக்க மலிவுப் பதிப்புகள்ல இந்த மாதிரி காதல் சந்தோஷமா முடிஞ்சா தபால்துறை ஆபாசம்னு பறிமுதல் பண்ணிருமோன்னு பயந்து பதிப்பாளர்களே சோக முடிவு கேட்டிருக்காங்க. அதாவது கடைசில ஒருத்தன் சாகுறது அழகியல்னு நாம நினைச்சுட்டு இருக்குறதுல பாதி, தணிக்கைக்குப் பயந்து வந்த பழக்கம். அது தவிர ரொமான்ஸ்னு அட்டைல போட்டா கடைசில ரெண்டு பேரும் சேந்திருப்பாங்கன்னு நம்பித்தான் அந்த வாசகர் வாங்குறார், நூறு வருஷம் சேந்திருக்கணும்னு இல்ல, இப்போதைக்கு சேந்திருந்தா போதும். ஸ்பை த்ரில்லர்னு போட்டா எப்படி வேணா முடிக்கலாம். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிட்டு எழுதுங்க.

ஆனா சேந்து இருக்குறதும் சும்மா கிடைக்கக் கூடாது. "எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிப்போயிட்டாங்க"ன்னு ஒரே வரில முடிச்சிருக்கீங்க. சோவியத்துக்கு உளவு பாத்துட்டு 1951ல பிரிட்டன விட்டு மாஸ்கோவுக்கு ஓடுன கை பர்ஜஸும் கே தான், ஒளிச்சு வைக்காத ஆளு. அங்க ரஷ்ய மொழிய ஒழுங்கா கத்துக்கவே இல்ல, குடிச்சுக் குடிச்சு 1963ல அங்கயே செத்தார், ஊருக்கு ஒரு தடவ போயிட்டு வரணும்ங்குற ஆசை நிறைவேறவே இல்ல. ஓடிப்போறவனுக்கு அதுக்கப்புறமும் செவ்வாக்கிழமை புதன்கிழமை எல்லாம் வரும். உங்க உளவாளிக்கு இனிமே பொய்ப்பேர் கிடையாது, நிஜப்பேர் சொல்லவும் முடியாது, திருடனுக்கோ அது பழகுன வாழ்க்கை. முதல் தடவையா திருடன் சொல்லிக் குடுக்குறவனும் உளவாளி கத்துக்குறவனுமா மாறுற ஒரு கடைசி அத்தியாயம், பத்து பக்கம் போதும், அத எழுதிப் பாருங்க. சாவி என்ன ஆச்சுங்குறத அதுலயே ரெண்டு வரில சொல்லிரலாம், அதுக்குள்ள வாசகருக்கு அது மேல அக்கறை போயிருக்கும்.

அந்த மூணு கேள்வி போக, படுக்கையறை சீன் எவ்வளவு தூரம் போகலாம்னும் கடைசில கேட்டிருந்தீங்க. அது உங்க கூச்சமும் பதிப்பாளரோட கூச்சமும் சேந்து முடிவு பண்ணட்டும், எனக்கு ரெண்டு விதமும் சம்மதம். தொழில்நுட்பமா ஒண்ணு மட்டும், நிலையம் சுழலுற மாதிரி வச்சிருக்கீங்க, நிமிஷத்துக்கு ரெண்டு சுத்துன்னா பூமி அளவு ஈர்ப்பு வர ஆரம் 224 மீட்டர் அளவுல இருக்கணும், நீங்க 40 மீட்டர்னு எழுதியிருக்கீங்க, மாத்திருங்க. கேபின் நடுமையத்துல, எடையே இல்லாத இடத்துல இருக்குறதா இருந்தா அங்க சூடான காத்து மேல போகாது, விட்ட மூச்சு முகத்தச் சுத்தியே நிக்கும், அதனாலதான் விண்வெளில தூங்குற இடத்துல எப்பவும் ஃபேன் ஓடிட்டே இருக்கும். ஒட்டுக்கேக்குற மைக்குக்கு அந்தச் சத்தம் தொந்தரவு, அவங்க ரெண்டு பேருக்கும் வசதி.